நாற்பத்தைந்துக்கு மேல் என்ன செய்வது? கடலூர், புதுச்சேரிக் கேள்விகளும் பதில்களும்

நடுவயதில் வேலை மாற்றம், பி.எஃப். பென்ஷன் கணக்கு, புதுத் தொழில் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஜாதகம், ஷேர் மார்க்கெட், அரசுத் தேர்வு ஆகியவை என் துறை அல்ல. பதில் வருவதற்குள் யாரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட வேண்டாம்.

கேள்வி (குடிகாடு): சிப்காட்ல கெமிக்கல் கம்பெனி சார், ஷிஃப்ட் இன்சார்ஜ். வயசு 47, சர்வீஸ் 23 வருஷம். சம்பளத்துல குறை இல்லை. ஆனா காலைல பஸ் ஏறும்போதே "இன்னும் பதினோரு வருஷம் இதேதானா"ன்னு நெஞ்சு அடைக்குது. விட்டுட்டு வேற ஏதாவது பார்க்கலாமா?

பதில்: அலுத்துப்போனது மொத்த வேலையுமா, அதில் ஒரு பகுதியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். 14 நாள், ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். எந்த நேரம் போனதே தெரியவில்லை. எந்த நேரம் நகரவே இல்லை. இன்று நான் வராமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன நின்றிருக்கும். மூன்றாவது வரியில் மூன்று நாளாவது ஒரு மனிதரின் பெயர் வந்தால் வேலையில் இன்னும் உயிர் இருக்கிறது. ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் மாற்றம் தேவைதான். அதற்கும் ராஜினாமா முதல் படி ஆகாது.

ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001ல், இருக்கிற வேலையையே தொழிலாளி தன் கையால் எப்படி வடிவம் மாற்றிக்கொள்கிறார் என்று எழுதினார்கள். என்ன செய்கிறோம், யாரோடு செய்கிறோம், அதை எப்படிப் பார்க்கிறோம் என்று மூன்று இடங்களில் கை வைக்கலாம். உங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளாஞ்சைக் கழற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். லைனை அடைத்து ஐசொலேட் பண்ணி, உள்ளே இருப்பதை வடித்து டிரெயின் பண்ணி, கேஜ் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே மிச்சப் பிரஷர் இருக்கலாம். அதனால் நமக்குத் தூரமாக, எதிர்ப்பக்கம் இருக்கிற போல்ட்டை முதலில் தளர்த்துகிறோம். நட்டை முழுக்க எடுப்பதில்லை, ஒன்றிரண்டு சுற்றுதான். உள்ளே ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம் பீறிடும், முகத்தில் அடிக்காது. உங்கள் கை இதைத் தானாகச் செய்துவிடும். நேற்றுச் சேர்ந்த கான்ட்ராக்ட் பையன் கிட்டே இருக்கிற போல்ட்டில்தான் ஸ்பேனர் வைப்பான். இப்படிப் பத்து வேலையாவது உங்கள் தலைக்குள் இருக்கும். ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்று தமிழில், படம் போட்டு எழுதுங்கள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற காரணத்தை விட்டுவிடாதீர்கள். சேஃப்டி ஆபீசரிடம் காட்டி ஒப்புதல் வாங்கி, ஷிஃப்டுக்கு முன் 20 நிமிடம் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். எட்டு வாரம் செய்துவிட்டு மறுபடி 14 நாள் நோட்டு எழுதுங்கள்.

அந்த 20 நிமிடத்தில்தான் மனசு நிறைகிறது என்று தெரிந்தால் உங்கள் வழி பயிற்றுவிப்பது. ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஆக சி.ஐ.டி.எஸ். என்ற ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. சில ஐ.டி.ஐ.க்களில் பகுதிநேர வகுப்பும் கிடைக்கும், விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை): பி.காம். 1999ல முடிச்சேன் சார். 18 வருஷமா வீட்டுலதான். பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வீடே வெறிச்சுன்னு இருக்கு. இனிமே யார் வேலை குடுப்பாங்க?

பதில்: முழுநேர வேலை தேடி அலையாதீர்கள் அம்மா. கணக்கு எழுதுகிற வேலைக்கு மாதத்தில் ஒரு நெருக்கடிக் காலம் உண்டு. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்கும் கடைகள் விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் போட வேண்டும். 5 முதல் 20 வரை ஒவ்வொரு கடையிலும் பில்கள் மூட்டையாகக் கிடக்கும், எடுத்து ஏற்ற ஆள் இருக்காது. மூன்று மாதம் டேலி கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தெருவிலேயே ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு மருந்துக்கடை என்று இரண்டே கடை. முதல் மாதம் பழைய மாதக் கணக்கைச் சும்மா ஏற்றிப் பாருங்கள். சப்ளையர் போட்ட பில்லும் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் தெரிகிற பில்லும் ஒத்துப்போகாத இடத்தைக் கண்டுபிடித்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் அவருக்கு வர வேண்டிய வரி வரவு அங்கேதான் ஒழுகிக்கொண்டிருக்கும். அதைக் காட்டியவரை அவர் விட மாட்டார்.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால் "குடும்பம் பார்த்தேன்" என்று நேராகச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி (நெய்வேலி): எதுலயும் பிடிப்பு இல்லை. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அவ்ளோதான். இது வயசுக் கோளாறா, இல்லை வாழ்க்கையே தப்பாப் போச்சா?

பதில்: முதலில் ரத்தம் கொடுங்கள்: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, மூன்று மாதச் சர்க்கரை. தைராய்டு குறைந்தால் வருகிற சோர்வைத் தத்துவமாக எடுத்துக்கொண்டு வேலையை விட்டவர்கள் உண்டு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்திலும் தூக்கம் இப்படித்தான் கெடும். சோர்வும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜிப்மரில் அதற்குத் துறை இருக்கிறது. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வயசு பற்றிக் கேட்டீர்கள். டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2020ல் 132 நாடுகளின் தரவைப் பார்த்து, மன நிறைவு சராசரியாக 47, 48 வயதில் அடித்தட்டுக்குப் போய்ப் பிறகு ஏறுகிறது என்று காட்டினார். இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். சராசரியை வைத்து உங்கள் இரவை அளக்க வேண்டாம், டெஸ்ட்டை எடுங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): வயசு 49. பி.எஃப்.ல 16 லட்சம் இருக்கு. அதுல 14 லட்சம் போட்டு டீ பிரான்சைஸ் எடுக்கலாம்னு இருக்கேன். மாசம் ஒரு லட்சம் நிக்கும்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க.

பதில்: அவர்கள் சொன்னது இருக்கட்டும், நாமே போட்டுப் பார்ப்போம். டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ், கப் எல்லாம் சேர்த்து 8. மிச்சம் 7. கம்பெனிக்குக் கொடுக்கும் ராயல்டி விற்பனையில் 5 சதவீதம் என்றால் 75 காசு போய் 6.25. வாடகை 22,000, இரண்டு ஆள் 36,000, கரண்ட் 7,000, உங்கள் வீட்டுச் செலவுக்கு 25,000. மாதம் 90,000. இதை எடுக்கவே 14,400 டீ, அதாவது தினம் 480. போட்ட 14 லட்சம் ஐந்து வருடத்தில் திரும்ப வேண்டுமென்றால் மாதம் இன்னும் 23,333. இப்போது தினம் சுமார் 605 டீ. காலை 6 முதல் இரவு 8 வரை மணிக்கு 43. வாடகையும் ராயல்டியும் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் எண்களைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்கள்.

பிறகு நீங்கள் பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டீக்கடைக்கு எதிரே ஒரு செவ்வாய், ஒரு சனி, ஒரு மழை நாள், காலை முதல் இரவு வரை உட்கார்ந்து எண்ணுங்கள். அந்த எண் வருகிறவரை பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள்.

இடையில் ஒருவர் (மஞ்சக்குப்பம்): டீ மட்டும் போட்டா அப்படித்தான் சார். வடை, பன் பட்டர் ஜாம் சேர்த்தா லாபம் டபுள்.

பதில்: சேரும். கூடவே இன்னொரு ஆள், எண்ணெய், மாலையில் மிஞ்சுகிற பண்டமும் சேரும். நூறு வடை போட்டு இருபது மிஞ்சினால் வடையில் வந்த லாபத்தில் பெரும்பங்கு அந்த இருபதிலேயே போய்விடும். பிரான்சைஸ் ஒப்பந்தத்தில் வெளிப் பண்டம் விற்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொருவர் (அரியாங்குப்பம்): ரிஸ்க் எடுக்காம யாரும் மேல வந்ததில்லை. நீங்க எல்லாரையும் பயமுறுத்துறீங்க அண்ணே.

பதில்: ரிஸ்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. 58ல் ஓய்வு என்று வைத்தால், 29 வயதில் 14 லட்சம் போனால் சம்பாதித்து மீட்க 29 வருடம் இருக்கிறது. 49ல் போனால் ஒன்பது. நாற்பத்தொன்பதில் நேரத்தைப் பணயம் வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளை வைக்கலாம், நான்கு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தை வைக்கலாம். முதுமைக்கு வைத்த காசை வைக்கக் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர்க்காரர் மறுபடி: உண்மையச் சொல்லணும்னா சார், எனக்கு டீக்கடை மேல ஆசை இல்லை. இருபது வருஷமா என்னைவிடச் சின்னப் பசங்ககிட்ட கைகட்டி நிக்கிறேன். இனிமே யார்கிட்டயும் நிக்கக் கூடாது. அவ்ளோதான்.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் டீக் கணக்கே போட்டிருக்க மாட்டேன். இது மிக நியாயமான காரணம், இதற்குப் பதில் வேறு. பிரான்சைஸ் ஒப்பந்தத்தை வாங்கி வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். தூளை அவர்களிடமே வாங்க வேண்டும், விலையை அவர்கள் வைப்பார்கள், பலகை அவர்களுடையது, கடையை விற்கவும் அவர்கள் அனுமதி வேண்டும் என்று இருக்கும். 14 லட்சம் கொடுத்து இன்னொருவரிடம் கைகட்டி நிற்கப் போகிறீர்கள்.

இந்த இருபது வருடத்தில் உங்களைக் கேட்காமல் நகராத காரியம் ஒன்று இருக்கும். மெஷினோ, ஸ்டோர்ஸ் கணக்கோ, லாரிக்காரர்களைச் சமாளிப்பதோ. அதை வெளியே இரண்டு பேருக்கு, மாதம் இரண்டு ஞாயிறு, காசுக்குச் செய்து பாருங்கள். கம்பெனியின் நியமன உத்தரவில் வெளிவேலைத் தடை இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அந்த இருவரும் மூன்றாவது ஆளை அனுப்பினார்களா? அனுப்பினால் தனியாக நிற்கலாம்.

கேள்வி (கிருமாம்பாக்கம்): வயசு 46. வத்தல், சத்துமாவு செஞ்சு கடலூர்க் கடைகளுக்குப் போடலாம்னு இருக்கேன். 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. வேண்டாம்னு அக்கா சொன்னாங்க.

பதில்: அக்கா தமிழ்நாட்டுக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். அதைவிட முக்கியம், எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் அது வெளிமாநில விற்பனை. கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகளைத் தவிர, வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் தொகை எவ்வளவு குறைவானாலும் பதிவு வேண்டும். வத்தல் அந்த விலக்கில் வராது. அதனால் முதல் ஆறு மாதம் பாகூர், அரியாங்குப்பம், தவளக்குப்பம் கடைகளோடு நிறுத்துங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு முதல் நாளிலிருந்தே வேண்டும். கடலூரில் இருக்கிற சொந்தக்காரர் முகவரியைக் காட்டி மானியம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கடன் மானியம் இரண்டு ஊருக்கும் பொது, வயது உச்சவரம்பு இல்லை. பெண்களுக்குக் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25. சொந்தப் பங்கு 5 சதவீதம். புதுத் தொழிலுக்கு மட்டும்தான் கிடைக்கும், ஆகவே தொடங்கிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

கேள்வி (பண்ருட்டி): 45 வயசுல குரூப் 2 எழுதலாமா?

பதில்: என் துறை இல்லை. தேர்வாணைய அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கான வயது வரியைப் பாருங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): 17 வருஷ சர்வீஸ். விட்டா கைக்கு என்ன வரும்? பி.எஃப். எடுத்து நிலம் வாங்கலாமா?

பதில்: கிராஜுட்டி: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்குங்கள். 26,000 என்றால் 2,55,000. பென்ஷன்: 15,000 உச்சவரம்பில் 17 வருடத்துக்கு 15,000 × 17 ÷ 70, மாதம் அதிகபட்சம் சுமார் 3,643, 58 வயதில். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு உச்சவரம்பு 6,500தான், ஆகவே கைக்கு வருவது இதைவிடக் குறையும். 50லிருந்தே வாங்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அது ஆயுளுக்கும் குறைவுதான். பத்து வருடம் தாண்டியதால் பென்ஷன் பங்கை ரொக்கமாக எடுக்க முடியாது, சர்வீஸ் கணக்குக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு இருக்கலாம், ஆகவே விடுவதற்கு முன்பே தனியாக எடுங்கள்.

நிலம் பற்றி: பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி (முதலியார்பேட்டை): பி.எஃப். எடுத்து ஜெராக்ஸ் கடை?

பதில்: டீக்கடைப் பதிலைப் படியுங்கள். டீ இருக்கிற இடத்தில் ஜெராக்ஸ் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (பாகூர்): பி.எஃப்.ல பாதி எடுத்துப் பால் பண்ணை...

பதில்: மேலே மூன்று முறை சொல்லியாயிற்று. முதலில் பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு மாதம் விடிகாலை நான்கு மணிக்குப் போய்ச் சாணி அள்ளுங்கள், பிறகு கேளுங்கள்.

கேள்வி (வடலூர்): பணம் காசு வேண்டாம் சார், ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு. யாருக்காவது உபயோகமா இருக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: உங்கள் ஊரிலேயே. 1867ல் தருமச்சாலை தொடங்கியபோது வள்ளலாருக்கு வயது 43. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று அங்கே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் எந்த யோசனையும் சொல்லாதீர்கள். காய் நறுக்கச் சொன்னால் நறுக்குங்கள், இலை எடுக்கச் சொன்னால் எடுங்கள். அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர்கள் இரண்டாவது வாரமே ஏற்பாட்டைத் திருத்தப் போய் அங்கிருப்பவர்களுடன் மனஸ்தாபம் ஆகித் திரும்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் நீங்கள் வராதபோது "ஏன் வரலை?" என்று ஒருவர் போன் செய்தால், அடுத்து என்ன செய்வது என்று அவரையே கேளுங்கள்.