எடை சரியாகத்தான் இருக்கிறது, வயிறு மட்டும் தள்ளியிருக்கிறது. 27 வயதுப் பெண் கொலஸ்ட்ரால், மாரடைப்பு பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டுமா?

"பொம்பளைப் பிள்ளைக்குத் தொப்பை சகஜம் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். உட்கார்ந்தே பார்க்கும் வேலை, நேரம் கெட்ட நேரத்தில் இரவுச் சாப்பாடு, தள்ளிப் போகும் மாதவிலக்கு என்று உங்களுக்கும் இருக்கும் என நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறேன்.

எனக்கு அப்போது 28 வயது. உயரம் 158 செ.மீ., எடை 56 கிலோ. கை கால் எல்லாம் ஒல்லி. ஆபீஸில் வருடாந்திரப் பரிசோதனை நடந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 228, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 245, நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். 36, கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 143 என்று வந்தது. முகாமுக்கு வந்த டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சின்னப் பொண்ணுதானே, எண்ணெய் குறைச்சுக்கோம்மா" என்றார். தாளை பீரோவில் வைத்து மறந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து என் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. 52 வயது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவெல்லாம் இல்லை. மாடியேறினால் மூச்சு வாங்கியது, தாடையும் முதுகும் வலித்தன, வியர்த்துக் கொட்டியது. பக்கத்து கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஈ.சி.ஜி. கூட எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது மாரடைப்பு என்றார்கள். அடைத்த ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். இதையே அப்பா சொல்லியிருந்தால் அந்த கிளினிக்கில் வாயு என்று அனுப்பியிருப்பார்களா என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அங்கிருந்த இதய டாக்டர் என்னையும் விசாரித்தார். பழைய தாளைக் காட்டினேன். நர்ஸை விட்டு டேப்பால் வயிற்றை அளக்கச் சொன்னார். 87 செ.மீ. நம் நாட்டுப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம். "மெஷின்ல நிக்கறதை விட்டுட்டு இந்த டேப்பைப் பாரும்மா" என்றார்.

தோலுக்கு அடியில் கிள்ளினால் கையில் வருகிற கொழுப்பு வேறு, குடலையும் ஈரலையும் சுற்றிச் சேருகிற கொழுப்பு வேறு. இரண்டாவதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகின்றன. ஈரல் அதை டிரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. அது ஏற ஏற எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்களும் சிறிதாகிவிடுகின்றன. பெண்களுக்கு எச்.டி.எல். 50-க்கு மேல் இருக்க வேண்டும். என்னுடையது 36.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு எப்படி என்பீர்கள். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் டாக்டர் யாக்னிக், லண்டனின் டாக்டர் யுட்கின் இருவரும் சேர்ந்து நிற்பார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. எனக்கும் பி.எம்.ஐ. 22 சொச்சம்தான்.

சகஜம் என்பது ஒரு வகையில் உண்மை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு வயிற்றுச் சுற்றளவுக்கும் இடுப்புச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் ஆபத்தான அளவில் இருந்தது. அத்தனை பேருக்கும் இருப்பதால் அது சரி என்றாகிவிடுமா?

தொப்பை இருந்தால் மாரடைப்பு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 27 வயதில் அது அபூர்வம். ஆனால் ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது இந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது. தயவுசெய்து யாரும் இதைக் காட்டி இன்னொரு பெண்ணின் உடம்பைக் கேலி பேச வேண்டாம். சோற்றைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் பேலியோ உணவுமுறை நண்பர்களும் சண்டைக்கு வர வேண்டாம், நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன். சாயங்கால பன்னும் சர்க்கரை போட்ட டீயும் போயின. தினம் 45 நிமிடம் நடை, வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. எட்டு மாதத்தில் எடை மூன்று கிலோதான் குறைந்தது, வயிறு 81-க்கு வந்தது. டிரைகிளிசரைடு 148, எச்.டி.எல். 43.

நடை என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பகுதிப் பூங்காவை எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள். நான் வீடு வருவதே எட்டேகாலுக்கு. தெருவில் விளக்கு இல்லை, நடைபாதை முழுக்க வண்டிகள், பின்னாலேயே வரும் பைக் பையன்கள். காலையில் சமையல். வேலைக்குப் போகிற பெண் எப்போது நடப்பது? மனு கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது மொட்டை மாடியில்தான் நடக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். ரத்தக் கொழுப்புகளைப் பார்க்கும் லிப்பிட் புரொஃபைல் பரிசோதனையோடு சுகரும் எடுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் பரம்பரையாக வருவதாக இருக்கலாம், சாப்பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். டாக்டர் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எழுதினால், குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா இல்லையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது, மாடியேறினால் களைத்துப் போகிறார் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரை அழைத்துப்போய் ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள்.