கடன் வாங்கி பிரெய்ல் கருவி வேண்டாம்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறார். பார்வையற்ற மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், மதுரையில் பி.ஏ. பொருளாதாரம் படிக்க ஆசை. தாய்மாமா தமிழ் எடுத்து பி.எட். முடிக்கச் சொல்கிறார். சித்தப்பா, "காலேஜுல எதுக்கு பிரெய்ல்? லேப்டாப்தான் பேசுதே" என்கிறார். இன்னொரு உறவினர், பிரெய்லில் குறிப்பெடுக்கும் வெளிநாட்டு நோட்டேக்கர் கருவி வாங்காமல் அனுப்பவே கூடாது என்கிறார். விலை லட்சக்கணக்கில். வட்டிக்குப் பணம் தர ஆளும் பார்த்துவிட்டாராம்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. மூன்று பேர் சொல்வதும் தவறு. அவளுக்குப் பிடித்தது பொருளாதாரம், அதையே படிக்கட்டும். மூன்று வருடம் வகுப்பில் உட்காரப்போவது அவள்தான், தாய்மாமா இல்லை.

பிரெய்லை விடச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம், அதை அவசியம் பழகட்டும். கட்டுரைகளைக் காதால் படித்துவிடலாம். சமன்பாட்டை என்ன செய்வாள்? "எக்ஸ் பிளஸ் ஒன் பை ஒய்" என்று காதில் விழுந்தால், ஒய்யால் வகுக்க வேண்டியது ஒன்றை மட்டுமா, எக்ஸ் பிளஸ் ஒன் முழுவதையுமா? நெமெத் கணித பிரெய்லில் பின்னம் தொடங்கவும் முடியவும் தனித்தனிக் குறி உண்டு. விரல் தொட்டால் சந்தேகமே வராது. தமிழிலும் அப்படித்தான். 'ந'வும் 'ன'வும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும், விரலுக்கு வேறு வேறு.

பிரெய்லைக் கையால் குத்தி எழுதும் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் பள்ளியிலேயே பழகியிருப்பாள். அவை பையிலேயே இருக்கட்டும். பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சு இயந்திரம், கணக்கைப் பல வரிகளில் போட்டுப் பார்க்க அருமையானது. ஆனால் எடை கிட்டத்தட்ட ஐந்து கிலோ, சத்தமும் அதிகம். படித்த பள்ளியில் இரவல் கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர் யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது: 20 செல் கொண்ட சின்ன பிரெய்ல் டிஸ்ப்ளே. செல் என்பது ஒரு பிரெய்ல் குறிக்கான இடம். ஆர்பிட் ரீடர் 20 அந்த வகைதான். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. பிரெய்ல் தட்டுவதற்கு எட்டு விசைகள், ஒரு ஸ்பேஸ் விசை; முன்பக்கம் ஒரே வரியில் 20 செல், ஒவ்வொன்றிலும் எட்டுப் புள்ளிகள் எழும்பி அடங்கும். எஸ்.டி. கார்டில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டால் கம்ப்யூட்டர் இல்லாமலே படிக்கலாம். வகுப்பில் கேட்பதை அதிலேயே தட்டி வைக்கலாம், தேவையானதைத் தேடி எடுக்கலாம். யு.எஸ்.பி. வழியாகவோ புளூடூத் வழியாகவோ கம்ப்யூட்டருடனும் போனுடனும் இணைத்தால், திரையில் இருக்கும் வரி விரலடிக்கு வந்துவிடும். பெரிய நோட்டேக்கருக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

குறையும் உண்டு. இது பேசாது. தனியாக எழுதும் குறிப்பு பிரெய்ல் கோப்பாகத்தான் சேரும், பேராசிரியரிடம் கொடுக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டும். தமிழுக்கு 20 செல் கொஞ்சம் நெருக்கடிதான்: உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கும் தனியாக ஒன்று. 'பொருளாதாரம்' என்று எழுதவே 11 செல் போய்விடும். பழகினால் கை வேகம் பிடித்துக்கொள்ளும்.

கருவியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கேட்டுக்கொண்டு போய், அங்கே படிப்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அவளே பேசட்டும். அப்புறம், தமிழில் ஒரு பத்தி தட்டி, அது கம்ப்யூட்டர் திரையில் சரியாக வருகிறதா என்று பார்க்கட்டும். அவள் விரலுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேண்டாம். அதில் உங்கள் பேச்சுக்கோ என் பேச்சுக்கோ இடமில்லை.

வட்டிக்கு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் மாநில அரசுத் திட்டங்களிலும் இப்போது என்ன கருவி தருகிறார்கள் என்று கேளுங்கள். கடைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு.

கல்லூரியில் பணம் கட்டும்போதே தேர்வைப் பற்றியும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். பிரெய்லிலோ கம்ப்யூட்டரிலோ எழுதவும் அதில் இடமுண்டு. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போய் நின்றால், அவள் சொல்லச் சொல்ல எழுதும் ஸ்கிரைப் வைத்து எழுதச் சொல்லிவிடுவார்கள்.