வாங்கியதும் வருந்தியதும்: கிற்றாரின் வளைவு

கேள்வி: பழைய மின்கிற்றார் ஒன்று வாங்கினேன். ஃப்ரெட்போர்டின் (விரலால் தந்தியை அழுத்தும் பலகையின்) குறுக்கு வளைவு ஆரை 12 அங்குலம் என்றார் விற்றவர். தந்தியை இழுத்து வளைத்தால் ஒலி செத்துவிடுகிறது. வீட்டிலேயே அளக்க வழி உண்டா? (பரந்தன்)

பதில்: உண்டு. செலவு ஒரு பழைய காலண்டர் மட்டைதான். பள்ளிக்கூடக் கவராயம் 12 அங்குலத்துக்கு விரியாது. ஒரு மரச்சட்டத்தில் ஆணி அடித்து, அதிலிருந்து சரியாக 12 அங்குலத்தில் பென்சில் நுழையத் துளையிட்டு வட்டவில் ஒன்றை வரையுங்கள். நூல் வேண்டாம், இழுபடும். குழிந்த விளிம்புள்ள துண்டை வெட்டியெடுத்து, தந்திகளைத் தளர்த்தி, 12ஆம் ஃப்ரெட்டுக்கு (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) அருகே பலகையின் குறுக்கே நிமிர்த்தி வைத்துப் பின்னால் டோர்ச் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பலகை 12 அங்குலத்தைவிடத் தட்டை. ஓரங்களில் கசிந்தால் வளைவு கூட.

உங்களுக்கு ஓரங்களில்தான் கசியும் என்பது என் ஊகம். ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய கிற்றார்களில் ஆரை 7.25 அங்குலம், இப்போதைய ஃபெண்டர்கள் பலவற்றில் 9.5, கிப்சன் நிறுவனத்தின் கிற்றார்களில் வழக்கமாக 12. ஆரை சிறுத்தால் பலகையின் நடுமேடு உயர்ந்து நிற்கும். இழுத்த தந்தி அங்கே ஃப்ரெட்டில் முட்டிவிடும். ஆனால் விற்றவரைத் திட்டுமுன் தந்தியின் உயரத்தைப் பாருங்கள். அளவுக்குமீறித் தாழ்த்தியிருந்தாலும் இதே தொல்லைதான்.

கேள்வி: பாடசாலை ஆய்வுகூடக் கோளமானியை இரவல் வாங்கி அளக்கலாமா? உயர்தரம் படிக்கிறேன். (மல்லாவி)

பதில்: வேண்டாம் தம்பி. அது கோளப் பரப்பின் வளைவை அளக்கும் கருவி. ஃப்ரெட்போர்டு உருளையின் ஒரு சீவல். கணக்குப் போடுவதானால், நாணின் (வில்லின் இரு முனைகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தின்) வர்க்கத்தை, நாணுக்கு மேல் வில்லின் நடு எழும் உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தின் பாதியைக் கூட்டினால் ஆரை வரும். 50 மில்லிமீற்றர் நாணுக்கு 12 அங்குல வளைவின் உயரம் 1.03 மில்லிமீற்றர், 9.5 அங்குலத்துக்கு 1.30. இரண்டுக்கும் இடையிலான அந்தக் கால் மில்லிமீற்றரை அடிமட்டம் காட்டாது. பஸ் நிலையத்தில் நான் வாங்கிய அடிமட்டம் 30 சென்ரிமீற்றரில் 3 மில்லிமீற்றரை விழுங்கியிருந்தது. அதை நம்பி வெட்டுவித்த யன்னல் கண்ணாடி இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

கேள்வி: ஒன்லைனில் ஒன்பது பிளாஸ்ரிக் வளைவுமானிகள் வாங்கினேன். இரண்டு ஒரே வளைவு. பற்றுச்சீட்டு இல்லை, விற்றவரின் பெயரும் தெரியாது, தொலைபேசி இப்போது வேலை செய்வதில்லை. (புதுக்குடியிருப்பு)

பதில்: பெயர் தெரியாதவருக்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். நான் என்ன எழுத? மற்ற ஏழு மானிகளையாவது மேலே சொன்னபடி வெட்டிய மட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் நைலோன் தந்திக் கிற்றாரில் வளைவே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (மாங்குளம்)

பதில்: இல்லை. நைலோன் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிற்றாரின் பலகை பெரும்பாலும் தட்டைதான்.

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் கிற்றாரில் தந்திகள் உயர்ந்துவிட்டன. திருத்துபவர் ‘வளைவு பிழை’ என்று ஃப்ரெட்டுகளைக் கழற்றிப் பலகையைத் தேய்த்து 15,000 ரூபாய் வாங்கினார். இப்போது எல்லாத் தந்திகளும் இரைகின்றன. (முல்லைத்தீவு)

பதில்: வயிறு எரிகிறது. உங்கள்மேல் பிழையில்லை. கழுத்தில் இரண்டு வளைவுகள் உண்டு. குறுக்கே இருப்பது மரத்தைச் சீவும்போதே அமைந்தது, தானாக மாறாது. நெடுக்கே இருப்பது தந்தியின் இழுவைக்கும் வெயிலுக்கும் மாரிக்கும் மாறுவது; தந்திகள் உயர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உருக்குத் தந்திக் கிற்றார்களில் பெரும்பாலும் கழுத்துக்குள் உள்ள கம்பியைச் சாவியால் முறுக்கி அதைச் சரிசெய்யலாம். தந்தியை முதலாம் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்திலும் அழுத்திப் பிடித்து 7ஆம் ஃப்ரெட்டில் இடைவெளியைப் பார்ப்பது அரை நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் அரத்தைத் தூக்குகிறார்கள்! தையற்காரர்கூட இரண்டு முறை நாடா பிடிக்கிறார்.

தேய்க்குமுன் என்ன அளந்தார், எவ்வளவு வந்தது என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள், தாமதிக்க வேண்டாம். அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் சேவைகளும் அடங்கும். அதுவரை, ‘இலவசமாகச் சரிசெய்து தருகிறேன்’ என்று அவரே வாசலில் வந்து நின்றாலும் கிற்றாரைக் கொடுக்காதீர்கள்.