பள்ளிக்கரணை, ஓ.எம்.ஆர்., மெட்ரோ: புறநகர் பற்றிய உங்கள் கேள்விகள்

தென்சென்னைப் புறநகரில் வீடு, ஏரி, ரயில் மூன்றும் மோதிக்கொள்வது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நகரமைப்பு வேலையிலேயே பல வருடம் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடவாக்கத்திலிருந்து: ஐயா, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காப்பாற்று என்கிறவர்கள் ஏற்கெனவே வீடு வாங்கியவர்கள். இனி வருகிறவன் எங்கே போவான்?

உங்கள் கோபம் நியாயமானது. வீடு வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். எந்த இடத்தில் என்பதுதான் சிக்கல்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்தப் பாதையில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். பாதித் தெருக்களில் இன்னும் தனி வீடுகள்தான். காரணம் விதியிலேயே இருக்கிறது. 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்கிற கணக்கு) 2, அடுக்குமாடிக் கோபுரத்துக்கு 3.25. அந்த முழு 3.25 கிடைக்க 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும். ரயில் ஓடும் இடத்தில் தெரு குறுகல். தெரு அகலமாக இருக்கும் ஓ.எம்.ஆரிலோ (பழைய மாமல்லபுரம் சாலை) இத்தனை வருடமாக ரயில் இல்லை. ஆகவே கோபுரங்கள் எல்லாம் ரயில் இல்லாத, தண்ணீர் தேங்குகிற பக்கமாகவே போய் நின்றன. சாலை அகலத்தை மட்டும் பார்த்து மாடி கொடுப்பதை விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை நான் எத்தனை கூட்டத்தில் சொன்னேன் என்று கணக்கில்லை.

பெரும்பாக்கத்திலிருந்து: அந்தச் சேற்று நிலத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

நம் வீட்டுத் தண்ணீர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஏரிகள் நிறைந்து கலங்கல் வழியாக வழிந்தால், அந்த நீர் பள்ளிக்கரணையில் வந்து பரவி நிற்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேரும். பழைய ஆட்கள் இதைக் கழுவெளி என்பார்கள். பல ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடந்த நிலம் இது. 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலமாக, அறிவிக்கும்போது எல்லைக்குள் வந்தது 1,247 ஹெக்டேர்தான். குப்பைக் கிடங்கு, சாலை, ஐ.டி. கட்டடம் என்று மற்றதெல்லாம் கைவிட்டுப் போயிற்று.

2023 டிசம்பர் புயல் மழை விட்ட மூன்றாம் நாள் மடுவுப் பாலத்தில் போய் நின்றேன். நல்ல வெயில். கீழே தண்ணீர் ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அத்தனை ஏரித் தண்ணீரும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அதே நேரத்தில் மேற்கே கீழ்த்தள வீடுகளில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். நீர் பரவி நிற்க இடம் விட்டிருந்தால் அது வீட்டுக்குள் வந்திருக்காது.

2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ராம்சார் எல்லைக்குள்ளும் சுற்றி 1 கி.மீ. வரையிலும் புதுக் கட்டட அனுமதி தரக்கூடாது என்று தடுத்தது. நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன மனைக்காரர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் எல்லையை வரைந்து முடிக்கும்வரை நிறுத்திவைப்பதுதான் சரி.

நாவலூரிலிருந்து: எங்கள் லேஅவுட்டில் பார்க் என்று காட்டிய இடம் டிரான்ஸ்பார்மர் பக்கத்து முக்கோணத் துண்டு. இதுதான் சட்டமா?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால், சாலை போக 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். இந்தப் பணம் கட்டும் வழியை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. பணத்தில் குழந்தை விளையாட முடியாது. தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று உள்ளாட்சியில் கேளுங்கள். பதிவாகியிருந்தால் அது பொதுச் சொத்து. யாரும் பூட்டுப் போட முடியாது.

வேளச்சேரியிலிருந்து: மெட்ரோ வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் பாதை ஓ.எம்.ஆர். வழியாகத்தான் போகிறது. ஆனால் உங்கள் ஊர்க் கதையையே பாருங்கள். பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரி வந்தது. பரங்கிமலைக்கு மிச்சம் 5 கி.மீ.தான், அது நில எடுப்பு வழக்கில் சிக்கி வருடக்கணக்கில் நின்றுபோனது. கிளாம்பாக்கத்திலும் 2023 கடைசியில் பஸ் நிலையம் திறந்தபோது வாசலில் ரயில் நிலையம் இல்லை. மூட்டை, குழந்தையோடு ஜனங்கள் ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் போய் ரயில் ஏறினார்கள்.

எனக்கு மெட்ரோவைவிட பஸ் மேல்தான் கவலை. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட ஒரு அம்மாவிடம் பேசினேன். மயிலாப்பூரில் இரண்டு வீட்டில் வேலை. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. "காசு பிரச்சினை இல்லை சார், விடியக்காலை பஸ் தவறினா ஒரு வீட்டு வேலை போச்சு" என்றார். அவருக்கு வேண்டியது அரை மணிக்கு ஒன்று அல்ல, பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்.

படப்பையிலிருந்து: மனை வாங்கப் போகிறேன். எதைப் பார்க்கட்டும்?

பட்டாவோடு நிற்காதீர்கள். அ-பதிவேட்டில் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்த சர்வே எண் ஏரி, வாய்க்கால், மேய்க்கால் என்று எப்போதாவது இருந்ததா பாருங்கள். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா பாருங்கள். அப்புறம் ஐப்பசி அடைமழையில் ஒருமுறை பஸ்ஸிலேயே அங்கே போய் வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டும் அன்றைக்கே தெரிந்துவிடும்.