அமைச்சர் அலுவலக வேலையும் சம்பளமும்: வாசகர் கேள்விகள்

இலங்கையின் அமைச்சர், பிரதி அமைச்சர் அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களும், அங்கே வேலைக்கு அழைக்கப்பட்டவர்களும் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். அமைச்சுகளில் நியமன வேலைகளைப் பார்க்கும் தாபனக் கிளையிலும் கணக்குக் கிளையிலும் பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஓர் அமைச்சரின் இணைப்புச் செயலாளராக வரச்சொல்லிக் கேட்கிறார்கள். இப்போது தனியார் கம்பனி ஒன்றில் 9 வருடமாக வேலை செய்கிறேன். "அரசாங்க உத்தியோகம், கைவிடாதே" என்கிறார் அம்மா. இது நிரந்தரமான வேலையா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிரந்தரமில்லை, சகோதரி. சம்பளம் அரசாங்கப் பணம்தான். ஆனால் பரீட்சை எழுதி, அரசாங்க சேவை ஆணைக்குழுவின் வழியாக வருகிற நியமனம் அல்ல இது. பிரத்தியேகச் செயலாளர், இணைப்புச் செயலாளர், ஊடகச் செயலாளர், மக்கள் தொடர்பு உத்தியோகத்தர் முதல் முகாமைத்துவ உதவியாளர், சாரதி, அலுவலக உதவியாளர் வரை எல்லோரும் அமைச்சரின் பிரத்தியேக ஆளணி. அமைச்சர் பதவியில் இருக்கும் வரைதான் இவர்களுக்கும் வேலை. அவர் இராஜினாமாச் செய்தாலும், நீக்கப்பட்டாலும், அமைச்சரவை கலைந்தாலும் அன்றோடு முடிந்தது. அதே அமைச்சருக்கு வேறு அமைச்சு கிடைத்தால்கூடப் பழைய கடிதம் செல்லாது. சம்பளம் வருகிற செலவினத் தலைப்பு (அமைச்சுக்கென ஒதுக்கிய பணக் கணக்கு) மாறிவிடுவதால் புதிய அமைச்சிலிருந்து புதிய கடிதம் வேண்டும். அமைச்சர் மாறியபின் பழைய மேசையிலேயே இரண்டு மாதம் வேலை செய்துவிட்டுச் சம்பளம் எங்கே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காதவர்கள்.

எத்தனை பேர், என்ன பதவி, என்ன சம்பளம், வாகனம் யாருக்கு என்பதெல்லாம் ஜனாதிபதியின் செயலாளர் வெளியிடும் சுற்றறிக்கையில் இருக்கும். அதில் இல்லாத பதவியை அமைச்சரால் உருவாக்க முடியாது. நியமனக் கடிதம் அமைச்சின் செயலாளரின் பெயரில் வரவேண்டும். அமைச்சின் பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தர் அவர்தான். அமைச்சர் தொலைபேசியில் சொன்ன "நாளைக்கு வாங்க" நியமனம் ஆகாது.

கடிதம் கைக்கு வரும் வரை கம்பனியில் இராஜினாமாக் கொடுக்காதீர்கள். வந்ததும் பதவிப் பெயர், சம்பளக் குறியீடு, செல்லுபடியாகும் திகதி, சம்பளம் கொடுக்கும் நிறுவனம், முடிவுறும் நிபந்தனை ஆகியவற்றைப் பாருங்கள். கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்பாட அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தந்திருக்கிறது. முடிவுறும் நிபந்தனை எழுதிய பந்தியை வாசிக்காமல் கையெழுத்து வைக்கவே கூடாது.

கம்பனியில் சம்பளமற்ற விடுமுறை கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு வாருங்கள். 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரியது. 9 வருடத்துக்கு நாலரை மாதச் சம்பளம் வரும்.

கேள்வி: அலுவலக உதவியாளராகச் சேர்ந்தேன். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா என்றார்கள். 2025இல் வந்த சம்பளச் சிட்டையில் அதைவிடக் குறைவாக இருந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஏமாற்று இல்லை. அரசாங்க சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது 2025 வரவு செலவுத் திட்டம். அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை 10/2025 அதைக் கட்டம் கட்டமாகத் தருகிறது. ஒரு பகுதி 2025 ஏப்ரலில் வந்தது, மீதி 2026 ஜனவரிக்கும் 2027 ஜனவரிக்கும் பிரிகிறது. உங்களுக்குச் சொன்னது கடைசிப் படியின் தொகை, சிட்டையில் இருந்தது அந்த மாதத்துக்குரிய தொகை. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு தனி வரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழிவுகளையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. எந்த நிதியம் என்பது நியமனக் கடிதத்தில் இருக்கும். ஊழியர் சேமலாப நிதியமானால் உங்கள் பங்கு 8%, நிறுவனத்தின் பங்கு 12%. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் மட்டும் 3% கட்டும். கணக்கில் சேரும் சம்பளம் 60,000 ரூபா என்றால் உங்களிடம் கழிவது 4,800 ரூபா. நிறுவனம் 7,200 ரூபாவும், அதற்கு மேலாக 1,800 ரூபாவும் கட்டவேண்டும். அந்த 1,800 ரூபாவை உங்கள் சம்பளத்தில் வெட்டியிருந்தால் அது பிழை, உடனே கணக்குக் கிளைக்கு எழுதுங்கள்.

முதல் மாதச் சம்பளம் பிந்துவதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு: கடமையேற்புக் கடிதம் தாபனக் கிளையோடு நின்றுவிடுவது, வங்கிக் கணக்கின் பெயரும் அடையாள அட்டையின் பெயரும் ஒத்துவராதது. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதிவைத்திருப்பவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

கேள்வி: அமைச்சரின் ஆளணியில் சாரதி நான். ரன்னிங் சாட்டை (வாகன ஓட்டப் பதிவை) மாதக் கடைசியில் ஒன்றாக எழுதச் சொல்கிறார்கள். சில ஓட்டங்களை வேறு இடம் என்று எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், மருதானை

பதில்: தம்பி, ரன்னிங் சாட் உங்கள் கையெழுத்தில் இருக்கிற ஆவணம். கணக்காய்வு வந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான். புறப்பட்ட நேரம், அப்போதைய மீற்றர் இலக்கம், எங்கிருந்து எங்கே, எதற்காக, திரும்பிய நேரம், திரும்பிய மீற்றர் இலக்கம், பயணித்தவரின் கையெழுத்து. இவ்வளவையும் ஓட்டம் முடிந்தவுடன் வாகனத்தில் இருந்தபடியே நிரப்புங்கள். "கொழும்புக்குள் அலுவல்" என்று பொதுவாக எழுதுவதுதான் பின்னால் சிக்கலாகிறது. "இசுருபாய, கூட்டம்" என்று இடத்தையும் வேலையையும் எழுதுங்கள்.

பொய்யான இடம் எழுதினால் ஏன் பிடிபடும் என்றால், எரிபொருள் கணக்கு அதோடு ஒட்டாது. 40 லீற்றர் அடித்து 320 கிலோமீற்றர் ஓடினால் லீற்றருக்கு 8. அடுத்த மாதம் அதே வாகனம் 5 காட்டினால் எழுதாத ஓட்டம் இருக்கிறதென்று கணக்காய்வாளருக்கு விளங்கிவிடும். வீட்டு வேலைக்கோ கலியாணத்துக்கோ போனால் உண்மையான இடத்தையே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது உத்தியோகபூர்வமா இல்லையா என்று தீர்மானிப்பது உங்கள் பொறுப்பில் இல்லை.

மேலதிக நேரத்துக்கு முன் அனுமதி எழுத்தில் வேண்டும். வருகைப் பதிவும் ரன்னிங் சாட்டும் நேரத்தில் ஒத்துப்போகாவிட்டால் கொடுப்பனவு நின்றுவிடும். விபத்து நடந்தால் பொலிஸ் முறைப்பாடு போட்டு அன்றே அமைச்சின் போக்குவரத்துப் பிரிவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். அரசாங்க நிதிப் பிரமாணம் 104இன்படி ஆரம்ப அறிக்கை 7 நாளுக்குள்ளும் முழு அறிக்கை 3 மாதத்துக்குள்ளும் போகவேண்டும். அது போகாமல் அமைச்சரும் மாறிவிட்டால், நட்டத்தை யாரிடம் அறவிடுவது என்ற கேள்வி சாரதியின் தலையில் வந்து விழும். தேர்தல் காலத்தில் இன்னும் கவனம்: அரச சொத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுத்து, அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரையின் கீழ்த் தேர்தல் ஆணைக்குழு பணிப்புரை விடுக்கலாம். அந்த வாகனத்தை ஓட்டுகிறவர் நீங்கள்.

கேள்வி: என் அண்ணன் பெயரில் ஓர் அமைச்சர் அலுவலகத்தில் சம்பளம் விழுகிறது. அவர் வேலைக்குப் போவதில்லை. ஏ.டி.எம். அட்டை வேறொருவரிடம் இருக்கிறது. மாதம் கொஞ்சம் பணம் அண்ணனுக்குத் தருகிறார்கள். பயமாக இருக்கிறது.
— வாசகி, மட்டக்குளி

பதில்: பயப்படவேண்டிய விடயம்தான், அதனால் தாமதிக்காதீர்கள். வேலை செய்யாத ஆளின் பெயரில் அரசாங்கச் சம்பளம் எடுப்பது வெறும் ஒழுங்கீனம் இல்லை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாக விசாரிக்கப்படக்கூடியது. அமைச்சர்களின் ஆளணிச் சம்பளம் தொடர்பாக இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அண்மைக் காலத்தில் விசாரணை நடத்திக் கைதுகளும் செய்திருக்கிறது. கணக்கு அண்ணனின் பெயரில் இருக்கிறபடியால், "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்வது எடுபடாது. மாதம் வாங்கிய பணம் அவருக்கு எதிரான சாட்சியாகும்.

இன்றே வங்கிக்குப் போய் ஏ.டி.எம். அட்டையை இரத்துச் செய்யச் சொல்லுங்கள். கணக்கை மூடவேண்டாம், வரவு செலவு அறிக்கையை முதல் மாதத்திலிருந்து எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்கவேண்டாம். பதவியை விட்டு விலகுவதாகத் திகதியிட்டு அமைச்சின் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போகட்டும். பிறகு ஒரு சட்டத்தரணியோடு கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் உள்ள ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொலைபேசி இலக்கம் 1954. சட்டத்தரணி இல்லாமல் வாக்குமூலம் கொடுக்கவேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இதே மாதிரி இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. அவர் உண்மையாகவே வேலை செய்கிறார், ஆனால் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குத் தராவிட்டால் வேலை போய்விடும் என்கிறார்களாம். சம்பளம் கைக்கு வந்தபின் ஒருவர் தன் விருப்பத்தில் கொடுப்பது அவர் பாடு. கொடுத்தால்தான் வேலை என்று கட்டாயப்படுத்தினால் அது முறைப்பாட்டுக்குரியது. பணமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்பினால் தடயமாவது மிஞ்சும்.

கேள்வி: நியமனக் கடிதம் ஒரு கூட்டுத்தாபனத்தின் பெயரில். வேலை செய்வதோ அமைச்சரின் அலுவலகத்தில். அமைச்சர் மாறியதும் வராதே என்கிறார்கள். எங்கே முறையிடுவது?
— வாசகர், தெமட்டகொட

பதில்: வேலை எங்கே செய்தீர்கள் என்பதைவிட, சம்பளம் கொடுத்தது யார் என்பதே இங்கே முக்கியம். அமைச்சின் பிரத்தியேக ஆளணியில் இருந்தவர், வேலை நீக்க மனுக்களை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போகமுடியாது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் அரசாங்கத்தைத் தொழில்தருநர் என்ற நிலையில் விலக்கிவைத்திருக்கிறது. கூட்டுத்தாபன ஊழியருக்கு அந்தத் தடை இல்லை. வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அடுத்த வேலை நாளே கூட்டுத்தாபனத் தலைமை அலுவலகத்துக்குப் போய், "கடமைக்குச் சமுகமளித்தேன்" என்று கடிதம் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இதைச் செய்யாவிட்டால், நீங்களாகவே வேலையை விட்டுப் போனதாக எழுதிவிடுவார்கள்.

சேமலாப நிதியத்துக்கு ஒவ்வொரு மாதமும் பணம் போயிருக்கிறதா என்று நாரஹேன்பிட்ட தொழில் செயலகத்தில் பாருங்கள். போகவில்லையென்றால் அங்கேயே முறைப்பாடு செய்யலாம். நம்பிக்கை நிதியப் பணத்தை வேலை நின்றபின் எடுக்கலாம், 5 வருடத்துக்கு ஒருமுறை மட்டும். சேமலாப நிதியப் பணத்தை வேலை போனது என்ற காரணத்துக்காக எடுக்கமுடியாது.

கடிதம் அமைச்சின் பெயரில் உள்ளவர்களுக்கும் சம்பள நிலுவை இருந்தால் வழி இருக்கிறது. அடையாள அட்டை, தொலைபேசி, கணினி, வாகனம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கி, அதன் பிரதியோடு பிரதம கணக்காளருக்கு எழுதுங்கள். பொருள் ஒப்படைக்காதவரின் கடைசிச் சம்பளம் அநேகமாக நிறுத்திவைக்கப்படும். பாகுபாடு காட்டினார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு, ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. அமைச்சர் அலுவலகத்துக்கு விடுவிக்கப் போகிறார்கள். ஓய்வூதியம் பாதிக்குமா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: விடுவிப்பு எழுத்தில், உங்கள் நியமன அதிகாரியின் அனுமதியோடு இருந்தால் நிரந்தரப் பதவி உங்களுடையதுதான். சம்பளத்தை யார் தருவது, வருடாந்தச் சம்பள ஏற்றம் எங்கே பதியப்படும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு தொடருமா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள். இரண்டு இடத்தில் சம்பளம் விழுந்தால் ஒன்றை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு மொத்தமாக அறவிடுவார்கள். அமைச்சர் போன மறுநாள் பாடசாலையில் நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் வரிப்பணத்தில் ஓர் அமைச்சருக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு பொதுமகன் அறியமுடியுமா?
— வாசகர், தெஹிவளை

பதில்: முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஆளணி விபரம் தருக" என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். குறித்த திகதியில் பிரத்தியேக ஆளணியின் பதவிகள், ஒவ்வொரு பதவியிலும் உள்ளோர் தொகை, மாதச் சம்பளமும் கொடுப்பனவுகளும், ஒதுக்கிய வாகனங்கள், ஏற்புடைய சுற்றறிக்கையின் இலக்கம் என்று பிரித்துக் கேளுங்கள். வீட்டு முகவரி, வங்கி விபரம் போன்ற தனிப்பட்ட தகவல்களைக் கேட்டால் அதைக் காட்டியே முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். முடிவு 14 வேலை நாளுக்குள் வரவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க அமைச்சில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.