வேனுக்குள் வீட்டு மின்சாரம்: கேட்டவையும் சொன்னவையும்

பழைய வேனைப் படுக்கவும் சமைக்கவும் ஏற்ற வண்டியாக மாற்றுகிறவர்கள் மின்சாரத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகள் வாகன எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, கடந்த சில ஆண்டுகளாக இந்த வேலையை மட்டுமே செய்கிறேன்.

கேள்வி: அண்ணா, 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், 550 வாட் சோலார் பேனல் வாங்கலாம் என்றிருக்கிறேன். சரியாக வருமா?

தம்பி, அரிசி எத்தனை பேருக்கு என்று தெரியாமல் அண்டா வாங்கப் புறப்பட்டுவிட்டீர்கள். முதலில் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு பொருளும் எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்குங்கள்.

இருவர் பயணம் போகும் வண்டிக்கு நான் போடும் கணக்கு இது. 45 வாட் கம்ப்ரசர் கொண்ட சிறிய 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் பாதி நேரமாவது ஓடும். அது 540 வாட்-மணி. 15 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரத்துக்கு 300. விளக்குகள் எல்லாம் சேர்த்து 100. மடிக்கணினி மூன்று மணி நேரத்துக்கு 180. இரண்டு கைபேசிக்கு 40. தண்ணீர் பம்புக்கு 15. மொத்தம் 1,175, இதை 1,200 என்று வையுங்கள்.

100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 12.8 பெருக்கல் 100, அதாவது 1,280 வாட்-மணி. ஒரு நாளோடு சரி. நீங்கள் சொல்லும் 200 என்றால், எண்பது விழுக்காடு மட்டும் எடுத்தாலும் ஏறத்தாழ 2,050 கிடைக்கும். வெயில் இல்லாத ஒரு நாளைத் தாண்டி மறுநாள் பகல்வரை போய்விடலாம். ஆக, உங்கள் பேட்டரி சரிதான். ஆனால் அந்த 2000 வாட் இன்வெர்ட்டர் எதற்கு? மேலே உள்ள பட்டியலில் அதைக் கேட்கும் பொருள் ஒன்றுகூட இல்லையே.

கேள்வி: அதே தம்பிதான். இண்டக்‌ஷன் அடுப்புக்காக அண்ணா.

பார்த்தீர்களா, கணக்கில் எழுதாத பொருள்தான் கணக்கைக் கெடுக்கிறது. 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 170 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியருக்கு மேல் விடாத பாதுகாப்புப் பலகை, அதாவது பி.எம்.எஸ்., உள்ள பேட்டரி சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் சேர்ந்து அணையும். தணலைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன் என்று பலர் சொல்கிறார்கள். பல அடுப்புகள் குறைந்த நிலையிலும் முழு வாட்டில் சில நொடி எரிந்து, சில நொடி அணைந்துதான் சராசரியைக் குறைக்கின்றன. இழுப்பு அதே இழுப்புதான்.

சிறிய எரிவாயு அடுப்பை, சிலிண்டருக்குக் காற்றோட்டமான தனி அறை வைத்து, வண்டிக்கு வெளியே எடுத்துச் சமைப்பதே என் விருப்பம். மின்சாரம்தான் வேண்டும் என்றால் 700 வாட் ரைஸ் குக்கர் போதும். அரை மணி நேரத்துக்கு 350 வாட்-மணி. 1000 வாட் இன்வெர்ட்டர் தாங்கும்.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைப் போட்டால் என்ன?

மூன்று காரணங்களால் வேண்டாம். அது காரீய பேட்டரி, அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். அதனால் கையில் நிற்பது 900 வாட்-மணிதான். எடை ஐம்பது கிலோவைத் தாண்டும், அதே வேலையைச் செய்யும் லித்தியம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ. எல்லாவற்றையும்விட முக்கியம், சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். வீட்டில் அது வராந்தாவில் இருக்கிறது. வேனில் அதன் மேல்தான் நீங்கள் தலை வைத்துத் தூங்கப் போகிறீர்கள்.

கேள்வி: வண்டி ஓடும்போது சார்ஜ் ஆக, பழைய ரிலே முறை போதாதா? டி.சி.–டி.சி. சார்ஜர் விலை கூடுதலாக இருக்கிறதே.

ரிலே என்பது வண்டி ஓடும்போது வண்டி பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் நேரே இணைக்கும் சுவிட்ச். காரீய பேட்டரி காலத்தில் அது போதும். லித்தியம் காலியாக இருக்கும்போது எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். ரிலே வழியாக நேரே இணைத்தால், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தன் சக்தி முழுவதையும் கொட்டிச் சூடேறும். வண்டி மெதுவாக ஊர்ந்து, காற்று படாத நேரத்தில் இது இன்னும் மோசம். புதிய வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்குகிறது. அப்போது ரிலேயை நம்பினால் பேட்டரி நிறையவே நிறையாது. ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை அளவோடு, சரியான வோல்ட்டில் பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் டி.சி.–டி.சி. சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 60 ஆம்பியர்-மணி ஏறும். சோலாரைவிட முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன். மழைக்காலத்தில் கைகொடுப்பதும் இதுதான்.

கேள்வி: 550 வாட் பேனல் இரண்டைத் தொடராக இணைத்து 100 வோல்ட் எம்.பி.பி.டி. கண்ட்ரோலரில் கொடுக்கலாமா? கடைக்காரர் சரி என்றார்.

வேண்டாம். கண்ட்ரோலர் என்பது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜை ஒழுங்கு செய்யும் கருவி, 100 வோல்ட் என்பது அது தாங்கும் உச்சம். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அந்த அளவுப் பேனல்களில் திறந்த சுற்று வோல்ட்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது இருக்கும் வோல்ட்டேஜ், 49, 50 என்று இருக்கும். அது 25 டிகிரியில் அளந்தது. இரண்டும் தொடரில் 99. ஊட்டியில் தை மாதக் காலையில் 5 டிகிரியில் வெயில் விழும்போது அதே பேனல்கள் 104 வரை தரும். குளிரில் வோல்ட்டேஜ் ஏறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 100-ஐத் தாண்டிய நொடியில் கண்ட்ரோலர் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. இணையாகக் கொடுங்கள், அல்லது 150 வோல்ட் கண்ட்ரோலர் வாங்குங்கள்.

அதற்கு முன் கூரையை அளந்தீர்களா? அந்தப் பேனல் ஒன்றே ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 28 கிலோ. காற்றுப்போக்கியும் மேலே வரவேண்டும் அல்லவா? ஒரு பேனலே நல்ல வெயிலில் நாளுக்கு 2,000 வாட்-மணி தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதிகூட வராது. அப்போது இரண்டாவது பேனலைவிட வண்டியை ஓட்டுவதுதான் பலன் தரும். வேப்ப மரத்து நிழலில் நிறுத்திவிட்டு, சோலார் வேலை செய்யவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒயர் அளவு எப்படித் தீர்மானிப்பது? 2.5 ஸ்கொயர் எல்லாவற்றுக்கும் போதும் என்று எலெக்ட்ரீஷியன் சொல்கிறார்.

வீட்டு 230 வோல்ட் பழக்கம் அது. 12 வோல்ட்டில் அரை வோல்ட் இழப்பது பெரிய விஷயம். ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் எடுக்கிறது, பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தூரம் என்று வையுங்கள். போக வர ஒயர் 12 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் 0.41 வோல்ட் குறையும், 4-இல் 0.26. பேட்டரி பாதி இறங்கிய இரவில் இந்த வித்தியாசத்தால்தான் ஃபிரிட்ஜ் குறைந்த வோல்ட்டேஜ் என்று பிழை காட்டி நிற்கும். விளக்குக்கு 1.5 போதும், ஃபிரிட்ஜுக்கு 4 போடுங்கள். 1000 வாட் இன்வெர்ட்டருக்கு 35, அதுவும் ஒரு மீட்டருக்குள்.

ஃபியூஸைப் பொருளுக்காகப் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ஒயருக்காக. ஒயர் தாங்குவதற்குக் குறைவான ஃபியூஸை, பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். அந்தச் சாண் நீளத்துக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பதால் அது தகட்டில் உரசாதபடி உறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: லக் அழுத்தும் கருவி வாங்கியே ஆக வேண்டுமா? கட்டிங் பிளேயரால் முடியாதா?

லக் என்பது ஒயர் முனையில் மாட்டி அழுத்தும் உலோகக் காது. இதற்கு என் சொந்தக் கதைதான் பதில். முதல் வண்டியில் நானும் பிளேயரால் நசுக்கி, மேலே ஈயம் வைத்துத் திருப்திப்பட்டேன். ஆறு மாதம் கழித்துக் காரைக்குடிச் சாலையில் கருகிய வாடை வந்தது. திறந்து பார்த்தால், லக் நீலம் பாரித்து, உறை உருகிப் பசையாகி, பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அளவு கருமை. ஃபியூஸ் மட்டும் நன்றாக இருந்தது. அதன் அளவுக்கு மேல் மின்சாரம் போகவே இல்லையே, அது ஏன் எரியும்? தளர்ந்த இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியர் போகும்போது 100 வாட் வெப்பம் உண்டாகும். பழைய குண்டு பல்பு ஒன்றை மரப்பலகையில் சாய்த்து வைத்தது போலத்தான். ஹைட்ராலிக் அழுத்து கருவியை வாடகைக்காவது எடுங்கள்.

கேள்வி: விடுதிகளில் நிறுத்தி வெளி மின்சாரம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். குழந்தைகள் கூட வருவார்கள். என்ன கவனிக்க வேண்டும், ஐயா?

நல்ல கேள்வி அம்மா. வண்டி ஒரு இரும்புப் பெட்டி, ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. உள்ளே ஒயர் உரசி உடலில் மின்சாரம் பாய்ந்தால், ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும் குழந்தை வழியாகத்தான் அது இறங்கும். வெளி மின்சாரம் வண்டிக்குள் நுழையும் இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்), அதன் பின் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் துண்டிக்கும் சுவிட்ச்); எர்த் ஒயரை வண்டியின் உடலோடு இணைக்க வேண்டும். விடுதியின் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கும் மூன்று முனைச் சோதனைப் பிளக் ஒன்றைப் பையில் வையுங்கள். எர்த் இல்லை என்று காட்டினால் அங்கே செருகாதீர்கள். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் 1,380 வாட்தான் தாங்கும். சார்ஜர் ஓடும்போது வெந்நீர்க் கெட்டிலைப் போட வேண்டாம்.

கேள்வி: லடாக் போகிறோம். பேட்டரிக்கு ஏதாவது?

உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் வசதி பி.எம்.எஸ்.-இல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரியை மக்கள் தூங்கும் அறைக்குள் வையுங்கள்.

கேள்வி: ஏ.சி.?

சராசரி 600 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 4,800 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கைந்து வேண்டும். வெளி மின்சாரம் கிடைக்கும் இடத்தில் மட்டும் ஓட்டுங்கள். மற்ற இரவுகளில் குளிர்ந்த மலைக்கு வண்டியை ஏற்றுங்கள்.

கேள்வி: எந்த மீட்டர் வாங்குவது?

ஒயரைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர். ஆனால் விலை குறைந்தவை பலவும் வீட்டில் வரும் ஏ.சி. மின்சாரத்தை மட்டுமே அளக்கும், பேட்டரியிலிருந்து வரும் டி.சி.யை அளக்காது. வேனில் அவை பூஜ்யம்தான் காட்டும். பெட்டியில் டி.சி. ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓடிய பின் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். குறைந்தது இரண்டு நட்டுகள் தளர்ந்திருக்கும்.