மினிமேப்பை மறைச்சிட்டு ஆடலாமா?

ஓபன் வேர்ல்ட் கேம்ல, அதாவது பெரிய உலகத்துல இஷ்டத்துக்கு சுத்துற கேம்ல, மினிமேப் (மூலைல வழி காட்டுற சின்ன வரைபடம்), ஹெல்த் பார் (உயிர் எவ்வளவு மிச்சம்னு காட்டுற கோடு) எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஆடலாமா, வழி தெரியாம முழிக்க வேண்டியிருக்குமான்னு கேட்டிருக்கீங்க. அனேகமா நீங்களும் ஒரு பெரிய கேம்ல பாதி தூரம் வந்து, ஏதோ வேலை பார்க்கிற மாதிரி சலிப்பாகி இதைக் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். மினிமேப்பை தாராளமா மறைங்க, ஹெல்த் பாரை மட்டும் முழுசா ஆஃப் பண்ணிடாதீங்க.

எனக்கு இது புரிஞ்சது விட்சர் 3ங்கிற ஓபன் வேர்ல்ட் கேம் ஆடும்போது. அறுபது மணி நேரம் ஆடியிருப்பேன், அதுல வர்ற நோவிகிராட் ஊருக்குள்ள எத்தனை தடவை குதிரைல போயிருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரு நாள் தம்பி பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருந்தவன், "அண்ணா, அங்க கோபுரத்து உச்சில நெருப்பு எரியுதே, அது என்ன?"ன்னு கேட்டான். நான் நிமிர்ந்து பார்த்தேன். கோயில் தீவுல இருக்குற கோபுரம், ஊர்ல பாதி இடத்துலருந்து தெரியும், அந்த ஊரோட மதமே அந்த அணையாத நெருப்புதான். அதை நான் சரியா பார்த்ததே இல்ல. அவ்வளவு நாளும் என் கண்ணு ஸ்கிரீனோட வலது மேல் மூலைல, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள ஓடுற புள்ளிக் கோட்டுலதான் இருந்திருக்கு. நிஜமா மனசு கஷ்டமாயிடுச்சு, ஒரு ஊரையே யாரோ உக்காந்து கல்லு கல்லா செதுக்கி வச்சிருக்காங்க, நான் அந்தப் புள்ளிக் கோட்டை மட்டும் பார்த்துட்டே அதைத் தாண்டிப் போயிருக்கேன்.

அன்னைக்கே ஹெச்யூடி (ஸ்கிரீன் மேல காட்டுற மேப், பார் எல்லாம்) செட்டிங்ஸ்குள்ள போய் எல்லாத்தையும் ஆஃப் பண்ணேன். அங்கதான் தப்பு பண்ணேன். அந்த கேம்ல மருந்து குடிக்கக் குடிக்க டாக்சிசிட்டி, அதாவது உடம்புல விஷத்தன்மை, ஏறும், அளவு தாண்டுனா உயிர் தானா குறைய ஆரம்பிக்கும். ஹீரோ முகத்துல நரம்பெல்லாம் கறுத்துப் போய்க் காட்டும்தான், ஆனா கேமரா முதுகுப் பக்கம் இருக்கும்போது அது எப்படி தெரியும்? ஒரே சண்டைல மூணு தடவை செத்தேன், எதனால செத்தேன்னே தெரியல. ஹெல்த் பாரை மட்டும் திரும்ப ஆன் பண்ணிட்டேன். மினிமேப் அதுக்கப்புறம் வரவே இல்ல. முதல் ரெண்டு நாள் சுத்தி சுத்தி வந்தேன், அப்புறம் அந்தக் கோபுரத்தை வச்சே திசை பிடிக்க ஆரம்பிச்சேன், எந்தப் பாலம் எங்க போகுதுன்னு கைக்கே பழகிடுச்சு.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், அந்த கேம் மினிமேப்பை நம்பி கட்டுனது. குவெஸ்ட் (கேம்ல நாம முடிக்க வேண்டிய வேலை) குடுக்குற ஆள் நிறைய நேரம் வழியே சொல்ல மாட்டான். அதனால பெரிய மேப்பை ஒரு தடவை திறந்து பார்த்து மனசுல வச்சுக்கிட்டு மூடிருவேன். 2022 டிசம்பர் அப்டேட்ல, சண்டை வரும்போதும் விட்சர் சென்ஸ் (தடயம் தேடுற பட்டன்) அழுத்தும்போதும் மட்டும் மினிமேப் வர்ற மாதிரி ஆப்ஷன் குடுத்தாங்க, புதுசா ஆடுறவங்க அதையே வைங்க. வழியை வேற விதமா காட்டுற கேமும் இருக்கு. 2002ல வந்த மாரோவிண்ட் கேம்ல குவெஸ்டுக்கு வழி காட்டுற அம்புக்குறியே கிடையாது, இந்த ரோட்டுல போய் இப்படித் திரும்புன்னு வாயாலயே சொல்லுவாங்க. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவுல மினிமேப்பே இல்ல, கன்ட்ரோலர்ல இருக்குற டச்பேடை விரலால மேல தள்ளுனா காத்து நம்ம போக வேண்டிய பக்கம் வீசும், புல்லெல்லாம் அந்தப் பக்கம் சாயும். அசாசின்ஸ் கிரீட் ஒடிசி ஆடுறீங்கன்னா எக்ஸ்ப்ளோரேஷன் மோட் போடுங்க, இடத்தை மார்க் பண்ணாம எந்த ஏரியா, எதுக்கு எந்தப் பக்கம்னு குறிப்பு மட்டும் வரும்.

இப்படிச் சொன்னா உடனே, வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம் ஆடுறவன் வழி தேடிட்டு இருக்கணுமான்னு சண்டைக்கு வருவீங்க. வேணாம், ஆன்லயே வச்சு ஆடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. பார்வையில சிரமம் இருக்குற சிலருக்கு போக வேண்டிய இடத்தைக் காட்டுற மார்க்கர் இல்லாம ஆடவே முடியாது, அவங்களைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லல. மறைச்சு ஆடுறவன்தான் நிஜ கேமர்னு யாராவது சொன்னா அவங்களோட எனக்கும் ஒத்துப்போகாது.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனாலும் சொல்லணும். என் ஓஎல்இடி டிவில வேற ஒரு கேமோட மினிமேப் அப்படியே பதிஞ்சு போச்சு. ஸ்கிரீன் முழுக்க ஒரே கலர் வந்தா கீழ் மூலைல மங்கலா ஒரு வட்டம் தெரியும், இன்னைக்கும் தெரியுது. வாரண்டி இருக்கேன்னு சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணா, ஒரே படத்தை ரொம்ப நேரம் ஓட விட்டது நீங்க, இது எங்க பொறுப்புல வராதுன்னுட்டாங்க. கேம் ஆட நல்ல டிவின்னு சொல்லித்தான் வித்தாங்க. கடைல நிக்கும்போது இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

உங்க கேம்ல டைனமிக்னு ஆப்ஷன் இருந்தா ஹெல்த், ஆயுதம் ரெண்டையும் அதுல போடுங்க, தேவைப்படும்போது தானா வந்துட்டுப் போகும். மினிமேப் ஆஃப். குவெஸ்ட் மார்க்கரை முதல் வாரம் விட்டு வைங்க, ஊர் பழகுனதும் அதையும் எடுத்துருங்க.